மக்களைக் கேட்டால் மட்டும் போதாது, லெவலும் பார்க்கத் தெரிய வேண்டும்

வாசகர் கேள்வி:

அக்கா, எனக்குக் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர். சிவில் கடைசி வருஷம் படிக்கிறேன். அப்பா கடல்தொழில், அம்மா சந்தைக்குப் போய் மீன் விற்கிறார். எங்கள் ஊருக்கு எந்தத் திட்டம் வந்தாலும் எங்களைக் கேட்காமலேதான் வருகிறது. போன வருஷம் போட்ட வடிகால்கூட அப்படித்தான். அதனால் நகரத் திட்டமிடல் படித்து, மக்களோடு சேர்ந்து திட்டம் போடுகிற வேலைக்குப் போக ஆசைப்படுகிறேன். ஆனால் தோஹாவில் இருக்கும் மாமா அங்கே சைட் இன்ஜினீயர் வேலை பார்த்து வைத்திருக்கிறார். கல்லூரியில் ஓர் ஆசிரியர், "மக்கள் பங்கேற்பு என்பது கையெழுத்து வாங்குகிற வேலை, அதற்கு எதற்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு" என்கிறார். அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா? அதில் பிழைக்க முடியுமா? என்னைப் போல ஒரு பெண் போய்ச் சொன்னால் யார் கேட்பார்கள்?

பெயர் வேண்டாம், கல்குளம் தாலுகா

பதில்:

தங்கைக்கு,

உன் ஆசிரியர் சொன்னது பாதி சரி. நம் பக்கம் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் பெரும்பாலானவை கையெழுத்துக் கூட்டங்கள்தான். திட்ட அறிக்கை தயாராகி, கலர் பிரிண்ட் எடுத்து, பைண்டிங்கும் முடிந்த பிறகு, மக்களைக் கேட்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பது யாருக்காவது ஞாபகம் வரும். வேலைநாளாகப் பார்த்துக் காலை பதினோரு மணிக்குச் சமுதாய நலக்கூடத்தில் கூட்டம் வைப்பார்கள். வாசலில் வருகைப் பதிவேடு, உள்ளே பொன்னாடை, ஆங்கிலத்தில் ஸ்லைடு, டீ, வடை. அந்தப் பதிவேட்டின் நகல் அறிக்கைக்குப் பின்னால் இணைப்பாகப் போகும். மழைக்கு ஒதுங்கியவர்கூடத் திட்டத்தை ஆதரித்தவர் ஆகிவிடுவார். இந்தக் கூட்டங்களில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பது வழக்கம்: நாங்கள் சொன்னால் வரைபடத்தில் எந்தக் கோட்டை மாற்றுவீர்கள்? பதில் வராவிட்டால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

ஆனால் இதற்கு எதற்குப் படிப்பு என்று அவர் கேட்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மக்களைக் கேட்காமல் திட்டம் போட எவ்வளவு படிப்பு வேண்டுமோ, கேட்டுப் போட அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

தக்கலைக்குத் தெற்கே ஒரு பேரூராட்சி, பெயர் வேண்டாம். அங்கே ஒரு தெருவில் இடவப்பாதி மழைக்கும் ஐப்பசி மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். வடிகாலின் பக்கச் சுவரை உயர்த்துவதாக எஸ்டிமேட் போட்டிருந்தார்கள். அந்தத் தெருப் பெண்களில் பாதிப் பேர் அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்ப்பவர்கள். அவர்கள் வேலை முடிந்து வந்து, குளித்து, அடுப்பு பற்றவைத்த பிறகு வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா சொன்னார்: "நான் கல்யாணம் கழிஞ்சு வந்தப்போ மூணு படி ஏறித்தான் இந்த வீட்டுக்குள்ள போணும் மக்களே. இப்ப ஒரு படி இறங்கிப் போறோம். வீடு தாழல்ல, ரோடுதான் வளந்துட்டு."

இதைக் கூட்டக் குறிப்பில் "சாலை உயரம் குறித்துப் பொதுமக்கள் குறை தெரிவித்தனர்" என்று எழுதியிருந்தால் விஷயம் அந்தத் தாளோடு முடிந்திருக்கும். மறுநாள் விடியற்காலை, வண்டிகள் ஓடத் தொடங்கும் முன்னால், உயர வித்தியாசம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியை ஸ்டாண்டில் ஏற்றினோம். அந்தத் தெருப் பையன் ஒருவன் அளவுக் கம்பான ஸ்டாஃபைப் பிடித்தான். ஒவ்வொரு வீட்டு வாசற்படி, ரோட்டின் நடு, வடிகாலின் அடி, வடிகால் போய்ச் சேரும் சானலின் (பாசனக் கால்வாய்) தண்ணீர் மட்டம் என்று வரிசையாக ரீடிங் எடுத்தோம். பெரும்பாலான வீடுகளில் வாசற்படியைவிட ரோடு ஓர் அடிக்கு மேல் உயரத்தில் இருந்தது. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனதன் பலன். வடிகால் சுவரை இன்னும் உயர்த்தினால் முற்றத்துத் தண்ணீர் வடிகாலுக்குள் போகவே வழியிருக்காது என்பதும் அந்த ரீடிங்கில் தெரிந்தது.

பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாக ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியிருக்கிறது. அந்த உத்தரவின் நகல், லெவல் ரீடிங், ஒரு குறுக்குவெட்டுப் படம் மூன்றையும் சேர்த்துப் பேரூராட்சியில் கொடுத்தோம். சுவர் உயர்த்தும் வேலையை எடுத்துவிட்டு, ரோட்டைச் சுரண்டுவதும் வடிகாலின் அடியைச் சானல் வரைக்கும் சரிவாக இறக்குவதும் எஸ்டிமேட்டில் ஏறின. பேரூராட்சிப் பொறியாளர் மல்லுக்கு நிற்கவில்லை. அவரைக் கெட்டவராக்கிப் பேசுவது நம் ஆட்களுக்குப் பழக்கம். ஆனால் நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். "ஒரு அம்மா படிக்கட்டை எண்ணிச் சொன்னாங்க" என்று கோப்பில் எழுத முடியாது. அந்த அம்மாவுக்குத் தெரிந்த விஷயத்தை அவர் கையெழுத்துப் போடக்கூடிய எண்ணாக மாற்றித் தர ஓர் ஆள் தேவைப்பட்டது. நீ போக நினைக்கும் வேலை அதுதான்.

அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "எனக்கு மக்களோடு பழகுவது பிடிக்கும், கணக்கும் வரைபடமும் அவ்வளவாக வராது" என்று சொல்லிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் உண்டு. அவர்கள் கூட்டம் நன்றாக நடத்துவார்கள். சார்ட்டில் கலர் கலராக எழுதுவார்கள். அந்தச் சார்ட் அலுவலக அலமாரியில் சுருட்டியபடி கிடக்கும். சிவில் படித்தது உனக்குப் பெரிய வரவு, விட்டுவிடாதே. சர்வேயிங் பாடத்தை எல்லாரும் செய்முறைத் தேர்வோடு மறந்துவிடுவார்கள், நீ மறக்கக் கூடாது. போன வருஷம் போட்ட வடிகால் என்று எழுதியிருக்கிறாய். கல்லூரியில் கருவியைக் கேட்டு வாங்கி, நாலு தோழிகளைக் கூட்டிக்கொண்டு போய் அதன் லெவலை எடு. கடைசி வருஷப் புராஜெக்டாகவும் ஆகும்.

அப்புறம் "மக்கள்" விஷயம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் என்று போட்டால் யார் வருவார்கள் என்று நினைக்கிறாய்? பைக் வைத்திருக்கிற ஆண்கள், ஓய்வு பெற்றவர்கள், அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறவர்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் விடியுமுன் எழுந்து போகிறவர். ராத்திரி எட்டு மணிக்கு நீ மைக் பிடித்தால் அவர் தூங்கியிருப்பார். மழைக்காலத்தில் பால்வெட்டு இல்லாத நாளில் போனால் நிதானமாகப் பேசுவார். தூத்தூர், சின்னத்துறை பக்கத்து ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வீட்டில் இல்லை. அங்கே குடும்பத்தை நடத்துகிற பெண்களிடம் கேட்காமல் "ஊர் மக்கள் கருத்து" என்று எழுதினால் அது பாதி ஊரின் கருத்துகூட இல்லை. நோன்புக் காலத்தில் திருவிதாங்கோட்டில் சாயங்காலக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிற காணிக்காரக் குடியிருப்புகளில் இருந்து ஒருவர் தாலுகா ஆபீஸ் கூட்டத்துக்கு வந்து போவதென்றால் அன்றைய கூலி போச்சு. நாள் குறிப்பதும் நேரம் குறிப்பதும் எழுத்தர் வேலை என்று விட்டுவிடாதே, அதிலேயே முக்கால்வாசி முடிவாகிவிடும்.

இடமும் அப்படித்தான். உங்கள் ஊரில் கத்தோலிக்கத் திருச்சபையின் பங்குப்பேரவை, அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் என்று ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. சர்ச் வளாகத்தில் அறிவிப்பு சொன்னால் ஊரே வந்துவிடும். வேலைக்கு இது பெரிய வசதி. ஆனால் அதே கூட்டத்துக்கு அடுத்த தெருவில் இருக்கிற இந்துக் குடும்பமோ, இஸ்லாமியக் குடும்பமோ, வேறு சபைக்காரரோ வரத் தயங்குவார்கள். உள்நாட்டு ஊர்களில் இதே சிக்கல் இந்துக் கோவில் மண்டபத்தில் வரும். இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே 1982-இல் மூண்ட மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. கடற்கரைக்காரர், உள்நாட்டுக்காரர் என்கிற பேச்சு இன்னும் முழுதாகப் போகவில்லை. பள்ளிக்கூட வராந்தா, நூலகம், அங்கன்வாடி, ரேஷன் கடைத் திண்ணை மாதிரி யாருக்கும் சொந்தமில்லாத இடம் பார்ப்பதுதான் நல்லது. முதலில் தனித்தனியாகப் பேசி, அப்புறம் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் முழுசாகக் கேட்பார்கள்.

இதில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு, சென்னையில் இருப்பவர்களுக்கு அது எளிதில் பிடிபடாது. 2011 கணக்கெடுப்புப்படி குமரி மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறவாசிகள். சென்னையைத் தவிர்த்தால் தமிழ்நாட்டில் இதுதான் அதிகம். இந்த நகர்ப்புறத்தில் நாகர்கோவில் மாநகராட்சியையும் சில நகராட்சிகளையும் தள்ளினால் மீதி பெரும்பாலும் பேரூராட்சிகள். பார்த்தால் தென்னை, பலா, பத்து சென்டில் ஒரு வீடு, நடுவில் ஏலா என்கிற வயல்வெளி, குளம், சானல். காகிதத்தில் நகரம். அதனால் என்ன ஆயிற்று? ஊராட்சி மக்களுக்கு வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை உண்டு. பேரூராட்சிக்காரருக்கு அது கிடையாது. நூறு நாள் வேலை என்று சொல்லிப் பழகிய ஊரக வேலை உறுதித் திட்டமும் அவர்களுக்கு இல்லை. நகர உள்ளாட்சிகளுக்கான 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தும், வார்டு குழுவும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபையும் தமிழ்நாட்டில் விதியாக வர 2022 ஆகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்றுதான் பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. நம் ஆட்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே அவ்வளவாகத் தெரியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலையில் இருப்பவர் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்திலிருந்து, உள்ளாட்சிக்கு வரும் திட்டப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று பேசிப் பழகியவர். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் நாம் மனு கொடுத்துப் பழகியவர்கள். மனு என்றால் ஒருவர் கேட்பார், இன்னொருவர் தருவார். பட்ஜெட்டை எடுத்து வைத்துக்கொண்டு இதை விட்டு அதைச் செய்யலாமா என்று கேட்பது வேறு வகைப் பேச்சு, அதற்குப் பழக்கம் வேண்டும். உங்கள் வார்டில் அடுத்த பகுதி சபை எப்போது என்று பேரூராட்சி அலுவலகத்தில் போய்க் கேள். அவர்களுக்கே தெரியாவிட்டால் எழுத்தில் கேள்.

இனி உன் அம்மாவிடம் வருகிறேன். எல்லாரையும் உள்ளடக்கிய திட்டமிடல் என்று பாடப்புத்தகத்தில் படிக்கப் போவதையெல்லாம் உன் அம்மாவோடு ஒரு நாள் முழுக்கப் போனால் நேரிலேயே பார்த்துவிடலாம். விடியற்காலையில் கரையில் ஏலம். ஐஸ் போட்டுப் பாத்திரத்தைத் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம், அதில் பாத்திரத்தோடு எப்படி ஏறுகிறார், நடத்துனர் என்ன முகம் காட்டுகிறார் என்று கவனி. 2021 டிசம்பரில் மீன் விற்றுவிட்டு வந்த மூதாட்டி ஒருவரை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தி உங்கள் குளச்சலில்தான் நடந்தது. பெண்களுக்கு டிக்கெட் இலவசமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. டிக்கெட்டை இலவசமாக்கியவர்கள் பாத்திரம் வைக்க இடம் யோசிக்கவில்லை. சந்தையில் அவர் உட்காரும் இடத்தில் நிழல் எத்தனை மணி வரை இருக்கிறது, கழுவத் தண்ணீர் எங்கே, கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வண்டி நிறுத்த எவ்வளவு இடம், விற்கிறவருக்கு எவ்வளவு இடம் என்று டேப் பிடித்து அளந்து எழுது. அப்புறம் ஒன்றை மட்டும் கேள்: காலையில் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும் வரை தண்ணீர் குடிப்பாரா, இல்லை கழிப்பறை இல்லை என்பதால் தொண்டையை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வாரா?

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்பவருக்கும் சேர்த்துத்தான். ஒவ்வோர் ஊரிலும் விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தாங்களே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவையாவது கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது. உன் அம்மா பெயர் அந்தக் கணக்கில் இருக்கிறதா, அவர் போகும் சந்தை உள்ள ஊரில் அந்தக் குழுவில் மீன்காரப் பெண் யாராவது உண்டா என்று விசாரித்துப் பார். நீ படித்து வந்த பிறகு செய்யப் போகும் வேலைகளில் ஒன்றை இப்போதே தொடங்கிவிடலாம்.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்திலும் இப்படித்தான், நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை, அளவில்தான் கோட்டை விடுகிறார்கள். சாய்தளம் ஓர் அடி உயர 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. வாசல் இரண்டடி உயரத்தில் இருந்தால் 24 அடி. பல அரசுக் கட்டடங்களில் ஆறடியில் சிமெண்டைக் கொட்டி, கைப்பிடி வைத்து, சக்கர நாற்காலிப் படமும் வரைந்திருப்பார்கள். குழந்தைகள் சறுக்குமரம் விளையாட உதவும், சக்கர நாற்காலி ஏறாது.

மக்களைக் கேட்டால் எப்போதும் நியாயமான பதிலே வரும் என்று நம்பி இந்த வேலைக்கு வராதே. குடியிருப்போர் சங்கம் நல்ல தமிழில் மனு எழுதும்: முக்கிலிருந்து வியாபாரிகளை அப்புறப்படுத்துங்கள், சானல்கரை ஆக்கிரமிப்பை எடுங்கள், குப்பை தரம் பிரிக்கும் கூடம் எங்கள் பக்கம் வேண்டவே வேண்டாம். எல்லாம் மக்கள் கோரிக்கைதான். சானல்கரையில் குடியிருப்பவர் அந்தக் கூட்டத்துக்கே வந்திருக்க மாட்டார். வருகைப் பதிவேட்டில் பெயரும் முகவரியும் எழுதினால் நாளைக்கு நோட்டீஸ் வருமோ என்று அவருக்குப் பயம். "நமக்கு நாமே" திட்டத்தையே எடுத்துக்கொள். பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. வளைகுடாப் பணம் வருகிற தெரு பங்கைக் கட்டி வேலையை முடித்துவிடும், பால்வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள் இருக்கிற முடுக்கு அப்படியே கிடக்கும். இந்த இடத்தில் திட்டமிடுபவர் நடுநிலை என்று சொல்லி ஒதுங்கி நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. வராதவரின் பக்கத்தையும் மேசைக்குக் கொண்டுவருவது நம் பொறுப்பு. சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

வராதவர்களைக் கணக்கில் கொண்டுவருவது எப்படி என்று தெரிந்துகொள்ள இரண்டு பேரைப் பற்றித் தேடிப் படி. ஒருவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க் குடிசைப் பகுதியில் வாழ்ந்தவர். பொறியாளரும் இல்லை, பட்டதாரியும் இல்லை. குடிசைவாசிகள் தங்கள் வீடுகளைத் தாங்களே எண்ணி, எண் போட்டு, பட்டியல் தயாரித்துவிட்டு அரசோடு பேசப் போவது என்ற முறையைப் பரப்பியவர்களில் முன்னணியில் இருந்தவர். 2000-இல் மகசேசே விருது பெற்றார். இன்னொருவர் கராச்சியின் ஆர்க்கிடெக்ட் பர்வீன் ரஹ்மான். அங்கே ஒராங்கி என்ற பெரிய குடியிருப்பில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டத்தில், சந்துக்காரர்கள் தங்கள் சந்துக்கான சாக்கடைக் குழாயைத் தாங்களே பணம் போட்டுப் பதித்தார்கள். பெரிய குழாயை அரசு போட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பகுதி இளைஞர்களுக்கே லெவல் பார்க்கவும் வரைபடம் போடவும் கற்றுக் கொடுத்தார்கள். நான் மேலே சொன்னதை அவர்கள் எனக்கு முன்னாலேயே பெரிய அளவில் செய்து காட்டிவிட்டார்கள். பர்வீன் ஓடைகளையும் நகர விளிம்பிலிருந்த பழைய கிராமங்களையும் வரைபடத்தில் ஏற்றியவர். 2013 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். வரைபடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அதைப் பிடிக்காதவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கடற்கரைக்காரியான உனக்கு இதில் தனி வேலை காத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கரையில் கட்டிய சுனாமிக் குடியிருப்புகளைச் சிவில் கண்ணோடு போய்ப் பார். சுவர் நன்றாக இருக்கும். வலை எங்கே வைப்பது, எஞ்சினை எங்கே கழற்றுவது, மீன் எங்கே காயப்போடுவது, ராத்திரி கடல் சத்தம் கேட்காத தூரத்திலிருந்து வள்ளத்தை யார் பார்த்துக்கொள்வது என்று எத்தனை வரைபடத்தில் யோசித்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல். கடற்கரையில் எங்கே எதைக் கட்டலாம் என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-லும் சரி 2019-லும் சரி, மீனவ ஊர்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் காயப்போடும் இடங்கள் எல்லாவற்றையும் சர்வே எண் தெரிகிற அளவு வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்கிறது. மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் போட வேண்டும் என்கிறது. வரைவு வரைபடத்துக்குக் கருத்துக் கேட்பும் உண்டு. அந்தக் கூட்டத்தில் எழுந்து "கடல் எங்கள் தாய்" என்று பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். தாளை விரித்து வைத்து, இந்த சர்வே எண்ணில் நாங்கள் வள்ளம் ஏற்றுகிறோம், உங்கள் படத்தில் வெறும் மணல் என்று இருக்கிறது என்று காட்ட ஆள் இல்லை. படத்தில் வெறும் மணலாக இருந்தால் நாளைக்கு அது புறம்போக்கு. அப்புறம் பார்க்கிங், பூங்கா, எது வேண்டுமானாலும் வரும்.

சரி, படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்தவர்கள் நேராக பி.பிளான் என்ற திட்டமிடல் இளநிலைப் படிப்பில் சேரலாம், டெல்லி, போபால், விஜயவாடா திட்டமிடல் கல்லூரிகளுக்கு ஜே.இ.இ. மெயினில் அதற்கென்று தனித் தாள் உண்டு. இதை உன் தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். உனக்கு எம்.பிளான் என்ற முதுநிலைப் படிப்பு. அந்த மூன்று கல்லூரிகளுக்கும் கோழிக்கோடு என்.ஐ.டி.க்கும் கேட் (GATE) என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சிவில் தாளும் இருக்கிறது, ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங் என்று தனித் தாளும் இருக்கிறது. நீ குறிவைக்கும் கல்லூரி எதை ஏற்கிறது என்று அதன் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துவிட்டு எழுது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு. எங்கே சேர்ந்தாலும் நிலப் பதிவேடு பார்க்கப் பழகு. சர்வே எண்ணின் எல்லையைக் காட்டும் புல வரைபடம், நில உரிமையைக் காட்டும் அ-பதிவேடு, அதோடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971. வரைபடம் போடும் கியூ-ஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், இன்றைக்கே இறக்கிக்கொள்ளலாம். தமிழில் இரண்டு பக்கத்தில் ஒரு திட்டத்தைப் புரியும்படி எழுதவும் பழகு. 200 பக்க ஆங்கில அறிக்கை எழுதுபவர்கள் நிறைய, இதைச் செய்பவர்கள் ரொம்பக் குறைவு, நீ நினைப்பதைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

வேலை உண்டா என்றால், உண்டு. நாட்டில் உள்ள 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே (மாஸ்டர் பிளான்) இல்லை என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. மாநிலங்களில் 12,000-க்கு மேல் திட்டமிடுநர் பணியிடம் தேவை, ஒப்புதலானவை 4,000-க்கும் குறைவு, அதிலும் பாதி காலி என்றும் சொன்னது. தேவை இருப்பதும் வேலை கிடைப்பதும் ஒன்றில்லை என்பது உனக்கே தெரியும். நிலையான வேலை வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர் தேர்வு. அறிவிப்பு வருஷா வருஷம் வரும் என்று காத்திருக்கக் கூடாது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், மாநகராட்சிகள், ஆலோசனை நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று மற்ற வழிகள். மக்களோடு நேரடியாகச் செய்கிற வேலை பெரும்பாலும் புராஜெக்ட் முடிகிற வரைக்குமான ஒப்பந்த வேலைதான். ஒன்று முடிந்து இன்னொன்று வரும் வரை கையைக் கடிக்கும். என் அனுபவத்தில், முதல் சில ஆண்டுகள் ஆலோசனை நிறுவனத்திலோ அரசிலோ இருந்து கோப்பு எப்படி நகர்கிறது, எந்த மாதம் நிதி ஒதுக்குகிறார்கள், யார் கையெழுத்தில் எது நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் பின்னால் மக்களுக்கு உபயோகமாக இருந்தார்கள். மார்ச்சில் செலவழித்தே ஆக வேண்டிய பணம் எங்கே தங்கியிருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் பேச்சே மாறிவிடும்.

உன்னைப் போல ஒரு பெண் சொன்னால் யார் கேட்பார்கள் என்று கேட்டிருந்தாய். சைட்டில் "இன்ஜினீயர் எங்கே?" என்று உன்னிடமே கேட்பார்கள், நான்தான் என்று சொன்ன பிறகும் பக்கத்தில் நிற்கும் டிரைவரைப் பார்த்துப் பேசுவார்கள். அது கொஞ்ச காலம் இருக்கும். ஆனால் வீட்டுக்குள் போய் அடுப்படியில் உட்கார்ந்து பேசுகிற உரிமை உனக்கு உண்டு, உன்னோடு படிக்கிற பையன்களுக்கு இல்லை. கழிப்பறை, தெருவிளக்கு, குளத்துக்குப் போகும் வழி, குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களால் எந்த முடுக்கைத் தவிர்க்கிறார்கள் என்பதெல்லாம் அடுப்படியில்தான் வெளிவரும். புது ஊருக்குத் தனியாகப் போகாதே. அங்கன்வாடி டீச்சரையோ சுய உதவிக் குழு அக்காவையோ கூட்டிக்கொண்டு போ. எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எதற்கு என்று நம் ஊரில் வளர்ந்த உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரைச் சொல்லிவிட்டு வேலையைப் பார். ஒரு தடவை போய்ப் பேசிவிட்டு, அவர்கள் சொன்னது என்ன ஆயிற்று என்று திரும்பப் போய்ச் சொன்னால், நடக்காமல் போயிருந்தாலும் போய்ச் சொன்னால், அடுத்த தடவை யாரும் யார் பிள்ளை என்று கேட்க மாட்டார்கள்.

கடைசியாக, தோஹா. மாமா பார்த்து வைத்த வேலையைக் கேவலமாக நினைக்காதே. நல்ல சைட்டில் இரண்டு வருஷம் இருந்தால் அளவும் ஒப்பந்தமும் நன்றாகப் பிடிபடும், படிப்புச் செலவுக்கும் கடன் வாங்க வேண்டாம். ஆனால் போன பிறகு படித்து எழுதலாம் என்று கிளம்பியவர்கள் முக்கால்வாசிப் பேர் எழுதுவதில்லை. கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். கடைசி வருஷத்தில் இருக்கும்போதே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். முதலில் தேர்வை எழுதி முடி. மதிப்பெண் கையில் இருந்தால் விசா விஷயத்தை மாமாவோடும் அப்பாவோடும் உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம்.